முக்கால் அங்குலம்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நிற்கிறேன், நடக்கிறேன், பாய்லர் முன்னால் நின்று நாலு பேரைத் திட்டுகிறேன். இதை நலம் என்று வைத்துக்கொள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் மகள் கண்ணாடிக் கடை வேலையில் நிலைத்துவிட்டாளா, இல்லை அதையும் விட்டாளா?

கூடத்தில் இப்போது முப்பத்தோரு பேர். ஊர் வேண்டாம் என்று தள்ளியவர்கள்தான் எல்லோரும். இரண்டு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிறோம். விடிந்ததும் ஆண்டவரை நினைத்து நின்றுவிட்டுத்தான் பாய்லருக்குத் தீ. பிரார்த்தனை சொல்வது கடைசியாக வந்து சேர்ந்தவர், அது பதினெட்டு வருஷ வழக்கம். போன வாரம் ஒருவர் முன்னால் வந்து, "என்னத்த சொல்றது, உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நின்றுகொண்டார். அதைவிட நல்ல பிரார்த்தனையை நான் கேட்டதில்லை.

ஏதோ தரும சபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சலவை இயந்திரம் தருகிறார்களாம். பதிலுக்கு ஒரு பதிவேடு வேண்டுமாம். யார், எந்த ஊர், என்ன தப்புச் செய்தார்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டுமாம்.

"பதிவேடு இல்லாம எப்படிங்கய்யா ஒரு நிறுவனம்?" என்றார் அதில் பெரியவர்.

"இது நிறுவனம் இல்லைங்க. துணி வெளுக்கிற இடம்" என்றேன். அவர்களோடு இயந்திரமும் போயிற்று. கைகளில் சலவைச் சோடா பட்டு வெடித்த என் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் நான் கேட்க மாட்டேன். இங்கே வருகிறவனிடம் பழசைக் கேட்பதில்லை என்று ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. அதையும் விட்டால் இது வெறும் சலவைக்கூடம்.

புதிதாக வந்த மூன்று பேரின் அளவுச் சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்தவர் கழித்த துணி இங்கே யார் உடம்பிலும் ஏறக்கூடாது, தன் அளவுக்குத் தைத்தது ஒன்றாவது வேண்டும். அதற்கு உன் மெஷினை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. மூன்றாவது சீட்டு: ஆண், அறுபதை நெருங்கியவர். சட்டை உயரம் இருபத்தெட்டரை, மார்பு முப்பத்தாறு, தோள் பதினேழே கால். இடது தோள் முக்கால் அங்குலம் தாழ்வு. பார்த்து வெட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம் என்றால் முழங்கால் சிரிக்கும். அது தவிர எல்லாம் பரவாயில்லை. மகள் வேலையை விடவில்லை, முதலாளிதான் கடையை விற்கப் பார்க்கிறார். நீ மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? போடுகிறேன் என்று எழுதாதே, போடு.

முதல் இரண்டு சீட்டுகளுக்கும் தைத்து முடித்துப் பார்சல் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் ரவிக்கைக்கு உள்ளே அதிகத் துணி விட்டிருக்கிறேன். சாப்பாடு சேர்ந்ததும் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆள் யார்? எந்த ஊர்? பார்க்க எப்படி இருப்பார்? பதில் வந்ததும் தைக்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் அரைமணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி மேசையை நடத்தும் மேடம் வந்து, "போதும்டி, தொட்டித் தண்ணி வத்திடப் போகுது" என்று விரட்டினாள். மேடம் யாரென்று உனக்கு நினைவிருக்கும். பதினோரு வருஷம் பஸ் நிலையத்தில் கிடந்தவள். இன்றைக்கு எட்டுப் பேர் அவள் சொல்படி இஸ்திரி போடுகிறார்கள், நான் உட்பட.

என் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். போடுகிறேன்.

மூன்றாவது சீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டைப் பற்றியும் நீ கேட்டதில்லை. நாங்கள் யாரும் யாரையும் கேட்பதில்லை. விரிப்புகளை எண்ணி அனுப்புகிற கிளார்க்கு, கள்ளக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனவன் என்று ஊர் சொல்கிறது. நான் கேட்டதில்லை. கேட்காததால்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்று அவன் கையெழுத்தை நம்புகிறார்கள். இந்த ஆள் நிறையக் கொட்டாவி விடுகிறார். ஆகவே பெயரும் கொட்டாவி என்று ஆகிவிட்டது. இருமல் இருப்பதால் பாய்லரில் விடவில்லை, தலையணை உறை மடிக்கிறார். நன்றாகவே மடிக்கிறார்.

அளவு இருக்கிறது, துணி இருக்கிறது. தைப்பதற்கு வேறு என்ன வேண்டும்?

அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஆண் சட்டை தைத்தது யாருக்கு என்று உனக்குத் தெரியும். இடது தோளில் முக்கால் அங்குலம் குறைத்து வெட்டாவிட்டால் காலர் ஒரு பக்கமாக இழுக்கும். நான்கு வருஷம் அந்த உடம்புக்குத் தைத்திருக்கிறேன். வயதாகி மார்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. தோள் அப்படியே இருக்கிறது.

அது என் புருஷன். நீ அவன் உடம்பில் டேப்பை வைத்தபோதே உனக்குத் தெரியும். தெரிந்துதான் எனக்கே அனுப்பியிருக்கிறாய்.

அவன் விட்டுவிட்டுப் போனதை நான் எப்போதோ விழுங்கிவிட்டேன். எத்தனையோ பேர் போகிறார்கள். ஆனால் அவன் சும்மா போகவில்லை. என் வயிற்றில் நான்கு மாதம். அது தன்னுடையது இல்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனான். முதலில் ஒருவரும் நம்பவில்லை. அப்புறம் ஒரே வாரத்தில் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டம்மா மெஷினில் பாதி தைத்துக்கொண்டிருந்த தன் துணியை உருவிக்கொண்டு போனாள். ஊசி முறிந்தது. ஏழாவது மாதத்தில் ஊரை விட்டேன்.

இப்போது கேள். நீ உன் கையால் அளந்த அந்தச் சரிவு என் மகளுக்கும் இருக்கிறது. அதே இடது தோள். அவளுக்கு அரை அங்குலம். ஒவ்வொரு சட்டைக்கும் நான் அதைக் குறைத்து வெட்டும்போது என்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியாது.

அவனை வெளியே போகச் சொல்லவில்லை. முப்பது பேர் முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேள். 'நான் சொன்னது பொய்' என்று அவன் வாயால் வர வேண்டும். இருமுகிறான் என்கிறாய். அவன் கண்ணை மூடுவதற்குள் வர வேண்டும்.

தங்கை

ஏப்ரல் 1

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமே. பதிலுக்கு நாளாகிவிட்டது. பாய்லர் குழாய் வெடித்து ஒரு வாரம் வேலை நின்றது. அதுதான் காரணம் என்று எழுதலாம். அது காரணமில்லை.

ஆமாம், அவர்தான். விடியற்காலை வரிசையில் நின்றார். நான் டேப்பை எடுத்தேன். "கையைத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். அவருக்கும் என்னைத் தெரிந்தது. மச்சான் என்று அவரும் கூப்பிடவில்லை, மாப்பிள்ளை என்று நானும் கூப்பிடவில்லை. இரண்டு தோளையும் சமமாகப் போட்டு எழுதியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சட்டை பொருந்தாது. ஒரு நூல் பிசகாமல் அளப்பவன் என்று பெயர் வாங்கிவிட்டேன், கை கேட்கவில்லை.

நீ கேட்பது என்னால் முடியாது. அவருக்காகச் சொல்லவில்லை. அவர் எனக்கு யார்? அவர் காலை முறிப்பேன் என்று ஒரு காலத்தில் உன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தவன் நான். ஆனால் இன்றைக்கு ஒருவரைக் கேட்டால், நாளைக்கு நம்மையும் கேட்பான் என்று முப்பது பேருக்கும் தோன்றும். இந்த இடத்துக்குச் சுவரும் கூரையும் அந்த ஒரு விதிதான். சிறையிலிருந்து நான் வந்தபோது நீ என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? புதுச் சட்டை தைத்துக் கொடுத்தாய். அதைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். நீ போட்ட பாதை இது.

அந்தச் சட்டையைத் தைத்து அனுப்பு. வேறொன்றும் இல்லை.

அண்ணன்

ஏப்ரல் 8

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் உங்களைக் கேட்கவில்லை, உண்மைதான். ஏனென்றால் நீங்கள் ஒருவனை அடித்தது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், நீங்களும் ஆறு வருஷம் அதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒப்புக்கொண்டவனைக் கேட்க என்ன இருக்கிறது? அந்தச் சட்டையை எடுத்து இனிமேல் என் முகத்தில் வீசாதீர்கள்.

தள்ளப்பட்டவர்களைத் தூக்குகிறேன் என்கிறீர்கள். என்னைத் தள்ளியது யார்? தள்ளியவனுக்கும் தள்ளப்பட்டவளுக்கும் உங்கள் கூடத்தில் ஒரே அளவா?

மகள் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாள். "இது யாரும்மா, என்னை மாதிரியே தோளு?" என்றாள். அப்பா செத்துவிட்டார் என்று இத்தனை நாள் சொல்லி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அளவுச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இனிச் சீட்டு அனுப்ப வேண்டாம். அவனைக் கேட்ட பிறகு எழுதுங்கள்.

தங்கை

மே 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

இங்கே ஒருவருக்கும் சுகமில்லை, நான் உட்பட. வெயிலில் கொடிகளுக்கு நடுவே நின்றால் தலை சுற்றுகிறது. புதிதாக நான்கு பேர் வந்திருக்கிறார்கள். ஊரில் கொடுத்த பழைய துணிகளைத்தான் கொடுத்தேன். ஒருவனுக்குக் கால்சட்டை கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. அவன் பிரார்த்தனை சொல்ல முன்னால் வரவே இல்லை. "இதைப் போட்டுக்கிட்டா?" என்று கேட்டான்.

உன் புருஷன் படுத்துவிட்டார். தலையணை உறைகளைப் படுக்கைக்குக் கொண்டு போய்க் கொடுத்தால் உட்கார்ந்தபடி மடிக்கிறார். மருத்துவர் வந்து பார்த்தார். நெஞ்சில் நீர் என்கிறார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

உன் கடிதத்தை மேடத்திடம் காட்டினேன். படிக்கத் தெரியாது அவளுக்கு, நானே படித்தேன். இஸ்திரிப் பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க எங்களைக் கேக்காம இருந்தது எங்களுக்காக. சரி. இந்தாளைக் கேக்காம இருக்கறது யாருக்காக?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"விதிதான். ஆனா இந்த விசயத்தைப் பேசும்போது மட்டும் உங்க காது சிவக்குதே, அது ஏன்?"

எடுத்தெறிந்து பேசிவிட்டு வந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் அவளை நான் 'போடி' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று நாளாக என் பின்னாலேயே வருகிறது.

சாப்பிடு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்

ஜூன் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்பதைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள்.

தெரு முழுக்க ஒரே வாரத்தில் எப்படி நம்பியது என்று விளங்கவில்லை என எழுதியிருந்தாய். எனக்கு விளங்கும்.

நான் சிறையில் இருந்தபோது உன் புருஷன் எனக்கு ஒரு கடிதம் போட்டார். உன் நடத்தை சரியில்லை, பிள்ளை தன்னுடையதல்ல, தான் போவதா இருப்பதா என்று கேட்டிருந்தார். அப்போதுதான் நான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். சிறைச் சலவையில் விரிப்புகளின் மூலையில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றது. யார் உதவியும் இல்லாமல் என் கையால் எழுதிய முதல் கடிதம், அவருக்கு எழுதிய பதில். "நீர் போவதுதான் சரி. எனக்குத் தங்கை இல்லை." இவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆயிற்று எழுத. எழுதி முடித்ததும் பெருமையாக இருந்தது, எழுத வந்துவிட்டதே என்று.

அப்புறம் இரண்டு வருஷம் உனக்கு நான் எழுதவில்லை. சிறையில் கடிதங்களை நிறுத்திவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். ஒருவரும் நிறுத்தவில்லை. விடுதலையாகி வாசலுக்கு வந்தால், கைக்குழந்தையோடு நீ ஒருத்திதான் நின்றாய். குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவர் காலை முறிப்பேன் என்று சத்தியம் செய்தது அதற்கப்புறம்தான். அவரைத் திட்டத் திட்ட நான் செய்தது சின்னதாகிக்கொண்டே போயிற்று. இந்தக் கூடத்தைத் தொடங்கியபோது முதலில் போட்ட விதி, யாரும் யாரையும் பழசைக் கேட்கக் கூடாது என்பது. ஆண்டவர் பெயரால் போட்டேன். யாருக்காகப் போட்டேன் என்று மேடம் கண்டுபிடித்துவிட்டாள்.

போன ஞாயிறு, பாய்லருக்குத் தீ வைக்குமுன், எல்லோரையும் நிற்கச் சொல்லி இதையெல்லாம் சொன்னேன். உன் புருஷனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். கடைசியில் அவர் பக்கம் திரும்பினேன்.

"மாப்பிள்ளை, நான் எழுதின லெட்டரை என்ன பண்ணினீங்க?"

வெகுநேரம் இருமினார். "அவ இல்லாத நேரமாப் பார்த்துத் தெருவுல நின்னு வாசிச்சேன் மச்சான். அவ அண்ணனே சொல்லிட்டான் பாருங்கன்னு வாசிச்சேன்."

"அவளைப் பத்தி நீங்க சொன்னது?"

"பொய்தான். எனக்குப் போகணும்னு இருந்துச்சு. சும்மா போனா என்னைக் காறித் துப்புவாங்க. அதான் சொன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உங்க லெட்டர் வந்தப்புறம் எனக்கே அது நெசம்னு தோணிப்போச்சு."

நீ கேட்டது வந்துவிட்டது. முப்பத்து நான்கு பேர் சாட்சி.

கிளார்க்கு என் அருகில் வந்தான். "நாளைக்கு என்னையும் கேப்பீங்களா ஐயா?"

"மாட்டேன்."

"நேத்து வரைக்கும் இவரையும் கேக்க மாட்டேன்னுதான் சொன்னீங்க" என்றான். மறுநாள் காலையில் அவன் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. இந்த வாரத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைபோல் கிடக்கின்றன. எனக்கு அலுத்துவிட்டது, தங்கச்சி. ஆகஸ்ட் கடைசியில் கூடத்தை மூடிவிடலாம் என்றிருக்கிறேன். இதை நடத்த எனக்கு என்ன யோக்கியதை?

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. அதற்கும் நான் யார்?

அண்ணன்

ஆகஸ்ட் 2

அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால் பழையபடி.

ஏழு வாரம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டம்மா ஏன் துணியை உருவினாள் என்று இருபத்திரண்டு வருஷம் யோசித்திருக்கிறேன். என் நடையிலா, சிரிப்பிலா, உடுப்பிலா, எதில் தப்பு என்று தேடியிருக்கிறேன். உன் கையெழுத்தில் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. காரணம் தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது.

உன் கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். "மாமா அப்பவே உனக்கு ஒரு வரி போட்டு, நெசமாம்மான்னு கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கேட்காமல் இருப்பதற்கு நீ இத்தனை வருஷமாகக் கருணை என்று பெயர் வைத்திருந்தாய். என் விஷயத்தில் அது கருணை இல்லை, அண்ணா. நீ என்னைக் கேட்கவே இல்லை.

கூடத்தை மூடாதே. மூடினால் அதையும் என் தலையில் கட்டிவிடுவாய். யோக்கியதை உள்ளவர்கள் யாராவது அந்த விரிப்புகளை வெளுக்க வரப்போகிறார்களா? தரும சபைக்காரர்கள் வருவார்களா? யோக்கியதை இல்லாதவன்தான் நடத்த வேண்டும், அந்த வேலை அப்படிப்பட்டது. அலுப்பாக இருந்தால் அலுப்போடு நடத்து. நானும் அப்படித்தான் தைக்கிறேன். போன ஒன்பது பேர் எங்கே இருப்பார்கள் என்று மேடத்துக்குத் தெரிந்திருக்கும். அவளை அனுப்பாதே, நீயே போய்க் கூப்பிடு.

பதினோராம் தேதி காலைப் பஸ்ஸில் நாங்கள் வருகிறோம். மகளுக்கு அவரைப் பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும், அது அவள் பாடு. நான் உள்ளே வரமாட்டேன். வாசலில் நிற்பேன்.

நீ வெளியே வா. அவன் உனக்குச் சொன்னது நிஜமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேள். பதில் உனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேள். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், நீ நின்று கேட்க வேண்டும். உள்ளே வருவதா, அடுத்த பஸ்ஸில் திரும்புவதா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரையைப் போடு.

உன் தங்கை